ஞானாம்பிகை ரீச்சர் குறை சொன்ன அட்டைப்படம்

ஞானாம்பிகை ரீச்சரிடம் "நல்லாயிருக்கு" என்று பெயர் வாங்கிவிட்டுச் சந்தோசப்பட்டவர்கள் கொக்குவிலில் கனபேர் இருந்தார்கள். பாவங்கள்! ரீச்சருக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால் அந்த ஒரு சொல்லோடு கதையை முடித்துவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போய்விடுவார். பிடித்துவிட்டதோ, தொலைந்தது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அது கோணல், இது நீட்டு, உது ஏன் இப்பிடி என்று, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி இருந்து பொறுக்குவார்.

எல்லாம் நாவூறுக்குப் பயந்துதான். நல்லதை நல்லதென்று வாய்விட்டுச் சொன்னால் அதற்கு நாவூறு பட்டுவிடும். ஊரில் மற்றவர்கள் பிள்ளையின் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைப்பார்கள். ரீச்சர் அந்தப் பொட்டை வாயாலேயே வைத்துவிடுவார். இத்தனைக்கும் அவர் கணிதத்தில் பட்டம் எடுத்தவர், பள்ளிக்கூடத்தில் நிகழ்தகவு படிப்பிக்கிறவர். "நீங்களுமோ ரீச்சர் உதையெல்லாம் நம்புறியள்?" என்று கேட்டால், "நம்பேல்லை. எண்டாலும் என்னத்துக்கு வீண் வம்பு?" என்பார். அதற்கு மேல் அவரோடு கதைத்து வென்றவர் இல்லை.

இந்தப் பழக்கம் அவருக்கு வாங்கிக் கொடுத்த நட்டமும் கொஞ்சமல்ல. இருபத்தாறு வயதில் ஒரு மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தார். அதற்கு முதல் வந்தவர்களை எல்லாம் "நல்லாயிருக்கினம்" என்று தட்டிக்கழித்தவருக்கு இவரை மனதுக்குப் பிடித்துவிட்டது. பிடித்ததென்றால் சும்மா இருக்க வாய் விடுமா? சபையில் வைத்தே, "பல்லு கொஞ்சம் மிதப்புப்போல" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் வடையைக்கூட முடிக்காமல் எழும்பிப் போனார்கள். அதன் பிறகு வந்த சம்பந்தங்களை ரீச்சர் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. தாய் தகப்பன் காலமான பிறகு மதில் கட்டின அந்தப் பெரிய வளவுக்குள் தனியாகத்தான் இருந்தார்.

ஆனால் சனிக்கிழமைப் பின்னேரங்களில் அந்த வீட்டுக்குப் பக்கத்தால் போனவர்கள் அதைத் தனிவீடு என்று சொல்லமாட்டார்கள். "வெட்டு! வெட்டடி! பூதம் பின்னாலை நிக்குது!" என்று விறாந்தையிலிருந்து சத்தம் கேட்கும். புது ஆட்கள் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்ப்பார்கள். பழகினவர்கள், "ரீச்சர் விளையாடுறா" என்றுவிட்டுப் போவார்கள்.

அது நடந்தது இப்படி. ரீச்சரிடம் படித்த பெண்ணொருத்தி லண்டனில் இருந்து வந்தபோது தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். அந்தக் காலத்துக் கோட்டை, கொத்தளம், மந்திரம், பூதம் எல்லாம் அதற்குள் இருந்தன. ஆனால் அது கதைப் புத்தகம் இல்லை, விளையாட்டுப் புத்தகம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள்ளே போய்விட வேண்டும். வாசலில் காவற்காரன் நிற்கிறான், என்ன செய்கிறாய் என்று கதை சொல்கிறவர் கேட்பார். சண்டை பிடிப்பேன், கெஞ்சுவேன், மதிலேறிக் குதிப்பேன் என்று எதையும் சொல்லலாம். சொன்னது பலிக்குமா இல்லையா என்பதைத் தாயம் போட்டுப் பார்க்க வேண்டும். ரீச்சர் அதை ஒரு கிழமை இருந்து படித்தார். "உவங்களுக்குக் கணக்கே தெரியாது" என்று மூடி வைத்தார். பிறகு புளியங்கொட்டையைப் பாதியாய் உரைத்துத் தாயக்கட்டை ஆக்கி, தன் கணக்கில், தன் தமிழில் ஒரு விளையாட்டைச் செய்தார். அதற்குக் 'கருங்குன்றக் கோட்டை' என்று பெயர் வைத்தார். மருந்துக்கும் ஒரு மலை இல்லாத யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு குன்றத்துக்கு ஆசைப்பட்டதை என்னென்று சொல்வது!

கதை சொல்வது ரீச்சர். அவரோடு விளையாட வந்தவர்கள் மூன்று பேர். சிசிலியா ஆஸ்பத்திரியில் தாதி, ரீச்சரோடு ஒன்றாய்ப் படித்தவள். அவளுக்கு மருத்துவச்சி வேடம் கொடுக்கப் பார்த்தார்கள். "நாள் முழுக்க ஆஸ்பத்திரியிலை மருந்து, இஞ்சை வந்தும் மருந்தோ? எனக்கு எரிக்கிற வேலை தாங்கோ" என்று மந்திரவாதி ஆகிவிட்டாள். கண்டதையெல்லாம் எரித்தாள். மற்ற இருவரும் யாழ்ப்பாணம் ரவுணில் இருந்து வருகிற சுஹைரும் அவருடைய மனைவி சுஹறாவும். பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காத சுஹறா வாள்காரியாகி வெட்டித் தள்ளுவாள். ரோட்டில் ஒரு சதம் கிடந்தாலும் யாருடையது என்று கேட்டுத் திரிகிற சுஹைர் கள்ளன் வேடம் எடுத்தார். ரயில் வீட்டுக்குப் பின்னால் கூவிக்கொண்டு போனால் ரீச்சர் அதையும் விடாமல் பிடித்துப் பூதத்தின் உறுமலாக்கிவிடுவார். சுஹறா கொண்டுவருகிற வட்டிலாப்ப இனிப்போடு ஆட்டம் முடியும்.

சுஹைருக்குத் தொழில் பெயர்ப்பலகை எழுதுவது. பள்ளிக்கூட நாடகத்துக்கு மேடைத் திரைக்குப் படம் கீற வந்த இடத்தில்தான் ரீச்சருக்குப் பழக்கமானார். ஒரு கோட்டை, அதற்குப் பின்னால் ஒரு மலை கீறியிருந்தார். அவருடைய மலை வைக்கோற்போர் மாதிரி இருந்தது. ரீச்சர் கோட்டை வாசலைப் பிடித்துக்கொண்டார்: உந்த வாசலாலை யானை போகுமோ, கதவு எந்தப் பக்கம் திறக்கும், காவற்காரன் மழை பெய்தால் எங்கே ஒதுங்குவான் என்று ஒரு பாடவேளை முழுக்கக் குறை சொன்னார். சுஹைர் தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு பொறுமையாய்க் கேட்டார். "மலையைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே, ரீச்சர்?" என்றார். "மலை நல்லாயிருக்கு" என்றார் ரீச்சர். அடுத்த நாள் பார்த்தால் வாசல் அப்படியே இருந்தது, மலையைத்தான் காணவில்லை. வேறு மலை கீறப் பெயின்ற் போதாமல் போயிருக்கும் என்று ரீச்சர் நினைத்துக்கொண்டார்.

இரண்டு வருடம் விளையாடின பிறகு பக்கத்துத் திருநெல்வேலிக் கம்பஸ் பிள்ளைகளுக்கு இதன் வாசம் பிடித்துவிட்டது. ரீச்சரின் கையெழுத்துப் பிரதியை வாங்கிப் பார்த்துப் பார்த்து எழுதினார்கள். "அச்சடியுங்கோ ரீச்சர், கை நோகுது" என்றார்கள். தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் திரும்பச் சண்டை தொடங்கி, ரயிலும் நின்று, கறன்ரும் போய்விட்டிருந்தது. ரீவீ இல்லை, படம் இல்லை. சனத்துக்குப் பொழுது போக ஒன்றுமில்லை. இதைவிட நல்ல நேரம் வராது என்று ரீச்சர் சரி சொன்னார். அட்டைப்படம் கீறுவது யார் என்று ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை, சுஹைர்தான்.

ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் சுஹைர் மூன்று படங்களோடு வந்தார். விறாந்தையில் வரிசையாய் வைத்தார்.

முதலாவது, நிலவு வெளிச்சத்தில் கோட்டை. நீலமும் வெள்ளையுமாய் நல்ல குளிர்ச்சி. "நல்லாயிருக்கு" என்றார் ரீச்சர்.

இரண்டாவதில் செட்டை முளைத்த யாளி ஒன்று வாயைப் பிளந்துகொண்டு வர, இளவரசன் ஒருவன் வேலோடு எதிர்த்து நின்றான். "இதுவும் நல்லாயிருக்கு" என்றார் ரீச்சர்.

சிசிலியாவுக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. "ஐயோ, இது உங்கடை நல்லூர் முருகனெல்லோ! மயில்தான் குறை. உதை ஆர் நிலத்திலை விரிச்சு விளையாடுவினம்? கால் பட்டிட்டால் தொட்டுக் கண்ணிலை ஒத்திப்போட்டு, கொண்டுபோய்ச் சாமியறையிலை வைச்சுப் பூ வைச்சிடுவினம்."

"வேலைக் கீறினால் வீரம் வரும் எண்டு பாத்தன், பக்தியெல்லோ வந்திட்டுது" என்று சுஹைரும் சிரித்தார்.

மூன்றாவது படத்தில் சண்டையே இல்லை. கோட்டை எங்கோ தூரத்தில். ரோட்டோர மரமொன்றின் கீழ் நாலு பேர் களைத்துப்போய் இருக்கிறார்கள். வாள்காரி காலைத் தூக்கி முள் எடுக்கிறாள். மந்திரவாதி வாயைப் பிளந்துகொண்டு நித்திரை. கள்ளன் சோற்றுப் பொட்டலத்தை அவிழ்த்துப் பங்கு போடுகிறான். அந்த முகங்கள் சுஹறா, சிசிலியா, சுஹைர்தான், பார்த்த உடனே தெரிந்தது. நாலாவது ஆள் ஒரு பெண். நடுவில் இருந்து கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறாள், கள்ளன் முதல் பங்கை அவளுக்குத்தான் நீட்டுகிறான். பழைய காலத்துச் சேலைக்கட்டு, கழுத்தில் காசுமாலை, மூக்கில் கண்ணாடி.

ரீச்சர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். இந்த விளையாட்டில் கதை சொல்கிறவருக்கு வேடம் கிடையாது. மற்ற மூன்று பேரும் கோட்டைக்குள் போவார்கள், வருவார்கள்; அவர் மட்டும் வெளியில் இருந்து சொல்லவேண்டியதுதான். அது விதி, அந்த விதியைப் போட்டவரே ரீச்சர்தான். சுஹைர் அவரையும் கூட்டிக்கொண்டுபோய் உள்ளே இருத்தி, சாப்பாடும் கொடுத்திருந்தார். நெஞ்சு அப்படியே நிரம்பிவிட்டது ரீச்சருக்கு. இதுதான் அட்டை, இதைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அந்த நிமிடமே முடிவாகிவிட்டது.

முடிவானதை வாய் சொல்லிற்றா? சொல்லவில்லையே!

"அந்தக் காலத்திலை மூக்குக் கண்ணாடி ஏது?" என்று தொடங்கினார். "ராசா காலத்துக் கதையெண்டு சொல்லிப்போட்டுக் கண்ணாடி போட்டால் பாக்கிற சனம் சிரியாதோ? முள்ளு எடுக்கிறவ ஏன் வலக்கையாலை எடுக்கிறா, சுஹறா இடக்கைக்காரியெல்லோ? மரம் என்ன மரம்? வேம்பெண்டால் இலை உப்பிடியோ? சோத்திலை என்ன கறி?"

வட்டிலாப்பம் முடியும் வரை அது முடியவில்லை. சுஹைர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் ஒன்றுக்கு மட்டும் வாய் திறந்தார். "கண்ணாடியைக் கழட்டினால் அது நீங்கள் எண்டு ஆருக்குத் தெரியும், ரீச்சர்?"

"தெரியாட்டில் குறைஞ்சே போச்சு? கழட்டிப்போட்டுக் கொண்டு வாங்கோ. வாற சனிக்கிழமை பாப்பம்."

சுஹைர் மூன்று படங்களையும் சுருட்டிச் சைக்கிள் பாரில் கட்டிக்கொண்டு, சுஹறாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, "போட்டு வாறம்" என்று போனார்.

அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கு முதல், அந்த மாதக் கடைசியில், ரவுணில் இருந்த முஸ்லிம் சனம் முழுவதையும் ஊரைவிட்டுப் போகச் சொல்லி அப்போது யாழ்ப்பாணத்தை ஆண்ட இயக்கம் உத்தரவு போட்டுவிட்டது. யோசிக்க நேரமில்லை, எடுக்க விட்டதும் ஒன்றுமில்லை. உடுத்த உடுப்போடு குஞ்சு குருமானைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரீச்சருக்குச் செய்தி அடுத்த நாள்தான் வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார். சுஹைரின் கடைக் கதவு திறந்து கிடந்தது. பெயின்ற் டப்பாக்களைக்கூட யாரோ அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். படங்கள் இல்லை. அந்தத் தெருவில் கதைக்க ஒரு ஆளில்லை. ரீச்சர் அந்தக் கடை வாசலில் இருந்து வாய்விட்டு அழுதார். பெரிய அநியாயம் அது, அதை வேறு பெயர் சொல்லி அழைக்க இயலாது.

அதற்குப் பிறகு அவரை அரித்தது இதுதான். தான் கீறினது ரீச்சருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அந்த மனிதர் போயிருப்பாரோ? ஊரே போ என்று விரட்டின கிழமையில், நானும் "கழட்டிப்போட்டுக் கொண்டு வா" என்றுதானே அனுப்பினேன்? பல்லு மிதப்பென்று கேட்டுவிட்டு எழும்பிப் போன மாப்பிள்ளையின் முகம் இத்தனை காலத்துக்குப் பிறகு ஞாபகத்தில் வந்து நின்றது. எழுதலாம் என்றால் விலாசம் தெரியாது. தெரிந்தாலும் என்னவென்று எழுதுவது? வீடு வாசல் இழந்து அகதி முகாமில் இருக்கிற மனிதருக்கு, உங்கள் படம் எனக்குப் பிடித்திருந்தது என்றா? நினைக்கவே வெட்கமாக இருந்தது.

தொண்ணூற்றிரண்டில் கம்பஸ் பிள்ளைகள் விடாமல் நின்று புத்தகத்தை அச்சுக்குக் கொண்டுபோனார்கள். காலால் மிதிக்கிற பழைய மெசின் வைத்திருந்த சிமியோன் அண்ணைதான் அச்சடிக்க ஒத்துக்கொண்டார். உள்ளுக்குப் பள்ளிக்கூடக் கொப்பியின் கோடு போட்ட தாள், அட்டைக்குச் சாமான் சுற்றுகிற மண்ணிறத் தடித்த பேப்பர். பொருளாதாரத் தடைக்குள் அதுவே பெரிய காரியம்.

"அட்டைக்குப் படம்?" என்றார் சிமியோன்.

"படம் இல்லை."

"படமில்லாமல் ஆர் தொடுவினம்? பொறுங்கோ, என்னட்டைப் பழைய புளொக் கிடக்கு." கோயில் நோட்டீசுக்கும் தேர்தல் நோட்டீசுக்கும் பாவித்த அச்சுப் படங்களை ஒரு பெட்டியோடு கொண்டுவந்து கொட்டினார்.

புலி ஒன்று இருந்தது, சிங்கம் ஒன்று இருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு அவற்றைப் பெட்டிக்குள் திருப்பிப் போட்டார்கள். சிமியோன் யானையை எடுத்தார், அது கொழும்புக் கட்சி. சூரியன் ஒரு கட்சி, வீடு ஒரு கட்சி, சைக்கிள் இன்னொரு கட்சி. சேவலும் மயிலும் முருகனுக்கு. நந்தி சிவன் கோயிலுக்கு. கன்னத்தில் கைவைத்துக்கொண்டு சிமியோன் சொன்னார்: "என்ன கோதாரி இது! எதைத் தொட்டாலும் ஆருக்கோ சொந்தமாய்க் கிடக்கு. செட்டை வைச்ச சம்மனசு ஒண்டு கிடக்கு, போடட்டே?"

"சம்மனசும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். அட்டையை வெறுமையாய் விடுங்கோ. பேரை மேலை போடுங்கோ. கீழை ஒரு வரி போடுங்கோ: அட்டைப்படம், சுஹைர்."

சிமியோன் நிமிர்ந்து பார்த்தார். "இல்லாத படத்துக்கு ஏன் பேர்?"

"படம் இருக்கு. இஞ்சை இல்லை, அவ்வளவுதான்."

சிமியோன் குரலைத் தணித்தார். "ரீச்சர், உந்தப் பேரை இப்ப போட்டால் இயக்கக்காரர் வந்து கேப்பினம்."

"கேட்டால் என்னட்டை அனுப்புங்கோ. என்னட்டைக் கணக்குப் படிச்ச பொடியளாத்தான் இருப்பாங்கள். நான் கதைக்கிறன்." ரீச்சரின் குரல் ஏறிவிட்டது. "அந்த மனிசன்ரை கடையைப் பறிச்சாச்சு, வீட்டைப் பறிச்சாச்சு. அட்டையையும் பறிக்கச் சொல்லுறியளோ? வேறை ஒருத்தற்றை படமும் அதிலை ஏறாது. இந்த வரி இல்லையெண்டால் எனக்குப் புத்தகமே வேண்டாம்."

சிமியோன் எழுத்துகளைக் கோர்த்தார். பேரைப் பற்றி ஒருவரும் வந்து கேட்கவில்லை. வந்தவர்களெல்லாம் கேட்டது வேறு. "ரீச்சர், எனக்கு வந்த புத்தகத்திலை படம் அச்சுப் பிடிக்கேல்லை, மாத்தித் தாறியளோ?" என்று வாசலில் வந்து நின்றார்கள். எல்லாப் புத்தகமும் அப்படித்தான் என்று சொன்னால் நம்பாமல் பார்த்தார்கள். "வைச்சிரு. கீறினவர் வந்து போடுவார்" என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்பினார்.

அடுத்த வருடம் சிசிலியா வெளிநாடு போகிற தம்பியை வழியனுப்பக் கொழும்புக்குப் புறப்பட்டாள். கிளாலிக் கடலில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் போகிற காலம். சுஹைர் குடும்பம் புத்தளத்துப் பக்கம் ஒரு முகாமில் இருப்பதாக அவள்தான் யார் யாரையோ விசாரித்து அறிந்து வைத்திருந்தாள். ரீச்சர் ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டார். "குடு, போதும்" என்றார்.

சிசிலியா திரும்பிவந்த அன்று, உடுப்புப் பையையும் இறக்காமல் நேரே கொக்குவிலுக்குத்தான் வந்தாள். ரீச்சர் குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"கண்டனியோ?"

"கண்டன். கிடுகுக் கொட்டிலுக்கை இருக்கினம். சுஹறா நல்லா மெலிஞ்சுபோனா. அவர் இப்ப வெங்காயத் தோட்டத்திலை கூலிக்குப் போறார். தூரிகை தொடுறேல்லையாம்."

ரீச்சர் துருவலையை விட்டுக் கையைத் துடைத்தார். "புத்தகம்?"

"குடுத்தன். அட்டையைப் பாத்தார், பேரைப் பாத்தார். பேந்து, ரீச்சர் எதைப் போட இருந்தவ எண்டு என்னைச் சோதிக்கிற மாதிரிக் கேட்டார். மூண்டாவதை எண்டன். ஞானம், அந்த மனிசன் விழுந்து விழுந்து சிரிச்சார். 'எனக்கு அது அண்டைக்கே தெரியும். சைக்கிளிலை போகேக்கையே சுஹறாவுக்குச் சொல்லிப்போட்டன், ரீச்சருக்கு மூண்டாவதுதான், மற்ற ரண்டையும் நல்லாயிருக்கு எண்டிட்டா, இதுக்கெண்டால் வட்டிலாப்பம் முடியுமட்டும் குறை சொன்னவ' எண்டார். நீ பயப்பிடாதை எண்டும் சொல்லச் சொன்னவர். நீ கவலைப்படுவாய் எண்டு அவருக்குத் தெரியுமாம்."

ரீச்சர் அப்படியே துருவலையில் இருந்துவிட்டார். அவ்வளவு பெரிய இழப்போடு இருக்கிற மனிதர், இங்கே இருக்கிறவள் கவலைப்படுவாள் என்று ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கிறார். கண்ணாடி முழுக்கத் தண்ணீராகிவிட்டது. கழற்றித் துடைக்கவும் தோன்றவில்லை.

"எனக்கு அந்த ரண்டு பேரையும் தேடுது, சிசிலியா."

"எனக்கும்தான்."

"அந்தப் படத்திலை..." என்று ரீச்சர் தொடங்கினார். பழக்கம் விடவில்லை, ஏதோ ஒரு குறை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சிசிலியாவும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டு நின்றாள். ரீச்சர் அதை விழுங்கினார்.

"இனி நாவூறு பட என்ன கிடக்கு?" என்றார். "அது வடிவான படமடி. ஒரு குறையும் இல்லை."